ஒண்ணும் துன்றதில்ல

குழந்தை என்ன சாப்பிடுகிறது என்று அடுத்தவர் வீட்டு வாசலில் உட்கார்ந்து கேட்பதுதான் என் பிழைப்பு. நகரிப் பக்கம் பிறந்து, கல்யாணமாகித் திருப்பதிக்கு வந்தவள் நான். தமிழும் தெலுங்கும் ஒரே வாயில் வரும். அந்த ஒரு தகுதிக்காகத்தான் என்னை எடுத்தார்கள் என்று எங்கள் மேடம் முகத்துக்கு நேராகவே சொல்லியிருக்கிறார். எனக்கு வருத்தமில்லை. வேறு தகுதிகள் இருப்பதாக நானும் சொல்லிக்கொண்டதில்லை.

அங்கன்வாடியில் கொடுக்கிற பாலும் முட்டையும் பருப்புச் சோறும் பிள்ளைகளின் வயிற்றுக்குப் போய்ச் சேர்கிறதா என்று மேலே இருப்பவர்களுக்கு அவ்வப்போது சந்தேகம் வரும். அப்போது எங்களைப் போன்றவர்களைக் கூப்பிடுவார்கள். எடை பார்க்கவும் உயரம் அளக்கவும் வேறு ஆட்கள் உண்டு. அவர்கள் தராசோடு வந்து வேலையை முடித்துக்கொண்டு போய்விடுவார்கள். எங்கள் வேலை பேச்சு. ஒவ்வொரு தாயையும் தனியாக உட்கார வைத்து, செல்போனில் பதிவு செய்ய அனுமதி கேட்டு, பொறுமையாக வாயைக் கிளற வேண்டும். ஆமாம், இல்லை என்று ஒற்றைச் சொல்லில் பதில் வரும்படி கேட்கக் கூடாது. பதிலை நாமே எடுத்துக் கொடுக்கக் கூடாது. அவர்கள் பேச்சை நிறுத்தினால் நாமும் சும்மா இருக்க வேண்டும். அந்த மௌனம் பொறுக்காமல் அவர்களே மேலே சொல்வார்கள். எனக்கோ மூக்குக்கு மேல் கோபம் வரும் சுபாவம். பேசாமல் இருப்பதற்குச் சம்பளம் வாங்குகிற ஒரே ஆள் நம் குடும்பத்தில் நீதான் என்று என் கணவர் இன்றைக்கும் சொல்லிச் சிரிப்பார்.

அந்த வருஷம் எங்களுக்குக் கொடுத்த ஊர்களில் ஒன்று வரதய்யபாளையத்தைத் தாண்டி, கம்பெனிகளுக்குப் போகிற பெரிய ரோட்டை ஒட்டி இருந்தது. தமிழ்க் குடும்பங்கள் மட்டும் இருக்கிற சின்ன ஊர். ஒரே அறையில் அங்கன்வாடி. அதை ஊரில் சென்டர் என்பார்கள். பிள்ளைகள் குறைவு. ரோட்டுக்கு அந்தப் பக்கம் பெரிய ஊர், அதில் பெரிய சென்டர். சின்னவற்றைப் பெரியவற்றோடு சேர்த்துவிடலாமா என்று பேச்சு நடந்துகொண்டிருந்த நேரம் அது. பிள்ளைகள் இங்கே போடுவதைச் சாப்பிடுகிறார்கள், தாய்மார் இதை நம்பியிருக்கிறார்கள் என்று தெரிந்தால் விட்டுவைப்பார்கள். இல்லாவிட்டால் கதவுக்குப் பூட்டு. கண்டெய்னர் லாரி ஓடுகிற ரோட்டைத் தாண்டி மூன்று வயசுப் பிள்ளைகளைத் தினமும் யார் கூட்டிக்கொண்டு போவார்கள் என்று யாரும் எங்களைக் கேட்கச் சொல்லவில்லை. எங்கள் பேட்டிகளையும் பார்த்துவிட்டுத்தான் முடிவெடுப்பார்கள் என்று மேடம் சொன்னார். ஊருக்கும் அது தெரிந்திருந்தது.

சத்தியவேடு பஸ்ஸில் போய் வரதய்யபாளையத்தில் இறங்கி, ஷேர் ஆட்டோவில் கால்களை மடக்கி உட்கார்ந்து, ஊர் போய்ச் சேரும்போது வெயில் ஏறிவிட்டிருந்தது. சென்டரைப் பார்த்துக்கொள்ளும் பெண்மணியை எல்லாரும் டீச்சர் என்றார்கள். ஐம்பதைத் தொட்ட வயசு, கணீரென்ற குரல். மண்டல ஆபீசிலிருந்து போன் வந்தால் தெலுங்கு, பிள்ளைகளை அதட்டினால் தமிழ். பேட்டி எடுக்கும்போது அவர் பக்கத்தில் இருக்கக் கூடாது என்று சொன்னேன். தாய்மார் கூச்சமில்லாமல் பேச வேண்டும் என்பதற்காக அப்படி ஒரு விதி.

"என் சென்டர்லேர்ந்து என்னையே வெளிய போவச் சொல்றீங்க. போறேம்மா. ரூல்ஸுன்னா ரூல்ஸுதான்" என்று சொல்லிவிட்டு, எனக்கு ஒரு சொம்பு மோரை வைத்துவிட்டுப் போனார். மோரில் உப்பு கொஞ்சம் தூக்கலாகவே இருந்தது. வேண்டுமென்றே போட்டாரோ என்று எனக்குத் தோன்றியது.

முதலில் வந்தவள் ஒரு பையனின் தாய். பையன் அவள் மடியில் அடங்கவில்லை. ஒரு பக்கம் வழிந்துகொண்டிருந்தான். கன்னத்தில் எட்டணா அளவுக்கு மைப்பொட்டு. கையில் பாதி கடித்த அவித்த முட்டை.

"பையன் சாப்பாட்டப் பத்திக் கொஞ்சம் சொல்லுங்கக்கா. சென்டர்ல எப்படி, வீட்டுல எப்படி" என்றேன்.

"எங்க துன்றான் மேடம்? ஒண்ணும் துன்றதில்ல."

மீதி முட்டை அவன் வாய்க்குள் போனது.

நான் பேசாமல் இருந்தேன். அவளே தொடர்ந்தாள். "முட்டைய கண்டா மூஞ்ச திருப்பிக்கறான். பாலு குடுத்தா துப்பிடறான். சோறுன்னா ஓட்டம்தான்."

"வீட்டுல?"

"வீட்டுலயும் அப்பிடிதான். காத்த குடிச்சிகினு கீறான்."

காற்றைக் குடித்துக்கொண்டிருந்தவன் அவள் புடவைத் தலைப்பில் மஞ்சள் கருவைத் துடைத்துவிட்டு என் மோர்ச் சொம்பைப் பார்த்தான். எனக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. சிரித்தால் அதுவும் பதிவாகிவிடும் என்பதால் உதட்டைக் கடித்துக்கொண்டேன்.

அடுத்தவளும் அதையே சொன்னாள். அதற்கடுத்தவளும். எல்லாப் பிள்ளைகளுக்கும் கன்னத்திலோ நெற்றியோரத்திலோ மைப்பொட்டு இருந்தது. எல்லாத் தாய்மாரும் ஒரே ராகத்தில் ஒண்ணும் துன்றதில்ல என்றார்கள். எனக்கு இது புதிதல்ல. எங்கள் பக்கத்தில் பெற்றவள் தன் பிள்ளை நன்றாகச் சாப்பிடுகிறது என்று வெளி ஆளிடம் வாயைத் திறந்து சொல்ல மாட்டாள். சொன்னால் கண் பட்டுவிடும். பட்டால் அன்றைக்கே வாந்தி, மறுநாள் காய்ச்சல். என் பையனுக்கு இப்போது வாசல் நிலை தலையில் இடிக்கிறது. யாராவது அவனைப் பற்றிக் கேட்டால் நான் இன்னமும், "எங்க, சரியாவே சாப்பிட மாட்டேங்கறான்" என்றுதான் சொல்கிறேன். அதைச் சொல்லும்போது பொய் சொல்கிறோம் என்ற நினைப்பே எனக்கு வருவதில்லை.

ஆனால் செல்போனுக்கு அது தெரியாது. அது காதில் விழுந்ததைப் பிடித்து வைத்துக்கொண்டது.

கடைசியாக ஒருத்தி பாக்கி இருந்தாள். கம்பெனி வேன் வந்து இறக்கிவிடும் வரை காத்திருக்கச் சொன்னார்கள். கும்மிடிப்பூண்டிப் பக்கத்திலிருந்து கல்யாணமாகி வந்தவள். புருஷன் லாரி ஓட்டுகிறான், வந்தால் வந்தான். இவள் ஒரு கம்பெனியில் துப்புரவு வேலை. விடிவதற்குள் வேன் ஏறிவிடுவாள். அந்தக் குண்டுப் பையனின் வீட்டுக்கு அடுத்த வீடு இவளுடையது. வேன் இறங்கி வந்தவள், நீலச் சட்டையைக்கூட மாற்றாமல், தன் வீட்டு வாசலில் எனக்கு ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டுவிட்டுத் தரையில் உட்கார்ந்தாள். உள்ளே இருட்டில் அவள் மகள் போர்த்திக்கொண்டு தூங்குவது தெரிந்தது.

கேள்வியைக் கேட்டேன்.

"நல்லா துன்றா மேடம்" என்றாள், என்னை நேராகப் பார்த்து. "முட்ட துன்றா. பாலு குடிக்கறா. சோறு போட்டா தட்ட வழிச்சிடறா. டீச்சர் நல்லா பாத்துக்கறாங்க."

மனப்பாடம் செய்த பிள்ளை ஒப்பிப்பது மாதிரி நிறுத்தாமல் சொன்னாள். மேலே எதுவும் சொல்லவில்லை. நான் மௌனமாக இருந்து பார்த்தேன். அவள் என்னைவிட நன்றாக மௌனமாக இருந்தாள். சரி, இந்த ஊரில் ஒருத்தியாவது பயமில்லாமல் உண்மையைச் சொன்னாளே என்று எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது.

பையை எடுக்கச் சென்டருக்குத் திரும்பினேன். டீச்சர் பூட்டோடு வாசலில் நின்றிருந்தார்.

"இன்னா சொன்னாங்க?"

"அத நான் சொல்லக் கூடாது டீச்சர்."

"நீ சொல்லத் தேவையே இல்ல. எனக்குத் தெரியாதா? வீடு வீடா போயி கெஞ்சினேன். துன்றத துன்றதுன்னு சொல்லுங்கடி, சென்டர் நிக்கும்னு. எல்லாரும் தலைய தலைய ஆட்டினாளுங்க. புள்ளய மடியில வச்சிகினு வெளியாள் கேட்டா எவளுக்கு வாய் வரும்? எனக்கே வராது" என்றார்.

என் பையை எடுத்துத் தோளில் மாட்டினேன்.

"எனக்கு ஒண்ணும் இல்லம்மா. சென்டர சேத்துட்டா என்னை வேற எங்கனா போடுவாங்க. அந்தக் கம்பெனிக்காரி பொண்ண நெனச்சாதான் கவல." அவர் குரல் கொஞ்சம் இறங்கியது. "மழ காலத்துல காய்ச்சல்ல வுழுந்துச்சு. திருப்பதி பெரியாஸ்பத்திரி வரைக்கும் போயி வந்தாங்க. காய்ச்சல் போயிடிச்சு, கூடவே பசியும் போயிடிச்சு. எடை கார்டுல கோடு சிவப்புல கீது. இங்க மத்த புள்ளைங்க நடுவுல ஒக்கார வச்சி, மஞ்சக் கருவ சோத்துல பெசஞ்சி ஊட்டினா நாலு வாய் வாங்கிக்கறா. நான் பக்கத்துலயே ஒக்காந்துகினு இருக்கணும். எழுந்துட்டன்னா அவளும் நிறுத்திடுவா. ரோட்டுக்கு அந்தாண்ட அத்தினி கொழந்தைங்க நடுவுல எவ அவகூட ஒக்காருவா?"

அந்தப் பெண்ணின் தாய் சற்று முன் சொன்னது என் கையில், செல்போனில் இருந்தது. தட்டை வழித்துவிடுகிறாள் என்று. டீச்சரிடம் எதையும் காட்டிக்கொள்ளாமல் ஆட்டோவுக்கு நடந்தேன்.

திரும்பும் பஸ்ஸில் காளஸ்தியில் ஒரு கூட்டம் ஏறியது. திருமலைக்குப் போகிற குடும்பம். ஒரு சின்னக் குழந்தையை வழி நெடுக மாறி மாறி மடியில் வைத்து பிஸ்கெட் ஊட்டிக்கொண்டே வந்தார்கள். குழந்தை ஒன்றையும் விடவில்லை. பக்கத்தில் இருந்தவள் என்னைப் பார்த்து, கேட்காமலேயே, "ஏமீ தினது" என்றாள் தெலுங்கில். ஒன்றும் சாப்பிடாதாம்.

மறுநாள் முழுக்க ஆபீசில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு கேட்டு எழுதினேன். எங்கள் ஆபீஸ் மாடியிலிருந்து மலை தெரியும். மற்ற நாள்களில் டீ குடித்துக்கொண்டே அதைப் பார்ப்பேன். அன்றைக்கு ஒண்ணும் துன்றதில்ல, ஒண்ணும் துன்றதில்ல என்று தட்டிக்கொண்டே இருந்தேன். விரல் சலித்துவிட்டது.

மேடம் எல்லாவற்றையும் படித்தார். அவர் தெலுங்குக்காரர், நெல்லூர்ப் பக்கம். என்னிடம் தெலுங்கில்தான் பேசுவார்.

"திஷ்டி" என்றார் படித்து முடித்ததும்.

"அதேதான்."

"எனக்குப் புரிகிறது, உனக்கும் புரிகிறது. படிக்கப்போகிறவருக்கு? சாப்பிடுவதில்லை என்று எழுதியிருந்தால் அவர் சாப்பிடுவதில்லை என்றுதான் படிப்பார்."

"கண் பட்டுவிடும் என்ற பயத்தில் சொன்னது என்று கீழே ஒரு குறிப்புப் போடலாமே."

"எல்லாரும் பொய் சொன்னார்கள், எனக்கு மட்டும் உண்மை தெரியும் என்றா போடுவது? பிறகு நாம் பேட்டி எதற்கு எடுக்க வேண்டும்? இங்கேயே உட்கார்ந்து எழுதிவிடலாம்."

எனக்குச் சுருக்கென்றது. ஆனால் அவர் சொன்னதில் தப்பில்லை என்பதால் இன்னும் கோபம் வந்தது.

அவர் கடைசிப் பேட்டியைக் கையில் எடுத்தார். முகம் தெளிந்தது. "இதோ இருக்கிறதே. நன்றாகச் சாப்பிடுகிறாள், தட்டை வழிக்கிறாள், டீச்சர் நன்றாகப் பார்த்துக்கொள்கிறார். இந்த ஒன்று போதும். அறிக்கையின் முதல் பக்கத்தில் இதைப் போடலாம்."

அது எந்தக் குழந்தை என்று சொன்னேன். டீச்சர் சொன்னதையெல்லாம் சொன்னேன். மேடம் தாளைக் கீழே வைத்தார்.

"அப்படியானால் இதைப் போடக் கூடாது."

"போட்டால் சென்டர் நிற்குமே மேடம்" என்றேன். நான் அதை மனதார விரும்பித்தான் சொன்னேன்.

"நிற்கட்டும். அந்தக் குழந்தை நன்றாகச் சாப்பிடுகிறது என்று நம் அறிக்கையிலேயே இருக்கும். நாளைக்கு அதற்கென்று ஒருத்தர் தனியாக உட்கார்ந்து ஊட்ட வேண்டும் என்று யாராவது கேட்டால், எதற்கு என்று கேட்க மாட்டார்களா?" என்றார். பிறகு, "திரும்பப் போ. வேறு மாதிரி கேள்" என்றார்.

"வேறு மாதிரி என்றால் எப்படி?"

"எனக்கென்ன தெரியும்? நீதானே தமிழ்."

அன்று மாலை வீடு வரும்வரை மேடத்தை மனசுக்குள் வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டே வந்தேன். வீட்டில் அடுப்பை மூட்டிவிட்டு, புத்தூரில் இருக்கும் என் தங்கைக்குப் போன் போட்டேன். அவள் எப்படி இருக்கிறாய் என்று கேட்டதுதான் தாமதம், பிடித்துக்கொண்டேன். "என்னத்தச் சொல்றது போ. ரெண்டு நாளா வேல வேலன்னு வீட்ட கவனிக்கல, இவன் வீட்டையே காலி பண்ணி வச்சிருக்கான். மாவு இல்ல, முட்ட இல்ல, ஊறுகா பாட்டில் வழிச்சி வச்சது மாதிரி கீது. எப்பப் பாத்தாலும் அடுப்படிலயே நிக்கறான். எனக்கு மானம் போவுது." தங்கை அந்தப் பக்கம் தன் மகளைப் பற்றி இதே மாதிரி ஒரு பாட்டுப் பாடினாள். போனை வைத்த பிறகுதான் எனக்கு உறைத்தது. என் பையன் வயிறார, வஞ்சனையில்லாமல் சாப்பிடுகிறான் என்பதை நான் இவ்வளவு நேரம் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறேன். கண் படும் என்ற பயம் கொஞ்சமும் வரவில்லை. பிள்ளையைப் பற்றிப் பெருமையாகச் சொல்லத்தான் வாய் வராது. குறையாகச் சொல்லச் சொன்னால் வாய் மூடாது.

அடுத்த வாரம் மறுபடி அந்த ஊருக்குப் போனேன். டீச்சர் இந்த முறையும் மோர் வைத்துவிட்டுப் போனார். உப்பு சரியாக இருந்தது.

குண்டுப் பையனின் தாயிடம் சாப்பாட்டைப் பற்றியே கேட்கவில்லை. "எப்பயாவது சென்டர் மூடியிருந்தா, அந்த நாள்ல என்ன ஆச்சு, அதச் சொல்லுங்கக்கா" என்றேன்.

"அத ஏன் கேக்கறீங்க" என்று முந்தானையை இழுத்துச் சொருகிக்கொண்டு உட்கார்ந்தாள். "டீச்சர் பொண்ணுக்குக் கல்யாணம்னு மூடிட்டு போயிட்டாங்க. முன்னாடியே சொல்ல வேணாமா? மத்தியானம் ஆனதும் இவன் தட்ட எடுத்துக்கினு போயி பூட்டின கதவாண்ட ஒக்காந்துகினான். ஊரே பாக்குது. தூக்கிக்கினு வந்தா அழுவறான். நானும்தான் சோறாக்கி சாம்பார் வச்சி முட்ட அவிச்சி வச்சேன். இது வாணாம், டீச்சர் சோறுதான் வோணும்ங்கறான். எங்க மாமியார் கேக்கறா, ஏண்டி, ஒனக்கு ஆக்கத் தெரியலயான்னு. சென்டர்ல குடுக்கற பால ரெண்டு டம்ளர் குடிச்சிட்டு மூணாவதுக்கும் கைய நீட்டறானாம், டீச்சரே சொன்னாங்க. எனக்கு மானமே போயிடிச்சி. நீங்க மேல எழுதுங்க மேடம். இப்பிடி திடீர்னு மூடறது நல்லாவா கீது?"

எழுதுகிறேன் என்றேன். என் வேலையில் ஒரு புகாரை இவ்வளவு ஆசையாக நான் கேட்டதில்லை. மற்றவர்களும் கொட்டித் தீர்த்தார்கள். ஒருத்தியின் மகள் சென்டரிலிருந்து வந்ததும் மறுபடி பசிக்கிறது என்கிறாளாம். இன்னொருத்தியின் பையன் பக்கத்துப் பிள்ளையின் முட்டையைப் பிடுங்கிவிட்டானாம், சண்டை வீடு வரை வந்துவிட்டதாம். ஒருத்தரும் தன் பிள்ளை நன்றாகச் சாப்பிடுகிறது என்று சொல்லவில்லை. சென்டருக்குப் பூட்டுப் போட்டால் இந்த ஊரில் என்ன நடக்கும் என்பது மட்டும் முழுசாகப் பதிவானது.

கம்பெனிக்காரிக்கு அன்று லீவு. வீட்டில் இருந்தாள். இந்தத் தடவை மகள் அவள் மடியில் விழித்துக்கொண்டு படுத்திருந்தாள். நான் வந்ததைப் பார்த்தாள், ஆனால் தலையைத் திருப்பவில்லை. மணிக்கட்டில் போட்ட பிளாஸ்டிக் வளையல் முழங்கை வரை ஏறியிருந்தது. கண்கள்தான் பெரிசாக இருந்தன. அந்த ஊரில் நான் பார்த்த பிள்ளைகளில் அவள் ஒருத்தி முகத்தில்தான் மைப்பொட்டு இல்லை.

என் கேள்விகள் எல்லாம் மறந்துவிட்டன. "அன்னைக்கி பாப்பா சாப்பாட்டப் பத்திச் சொன்னீங்களே" என்று மட்டும் சொன்னேன்.

அவள் மகளின் தலையைக் கோதிக்கொண்டிருந்தாள். நான் காத்திருந்தேன். இந்த முறை அவள் மௌனம்தான் முதலில் உடைந்தது.

"டீச்சர் சொல்லச் சொன்னாங்க. சொன்னேன்" என்றாள். கொஞ்சம் பொறுத்து, "எல்லாருக்கும்தான் சொன்னாங்க. பக்கத்து வூட்டு அக்கா சொல்லி இருக்க மாட்டாங்க. அவங்களுக்கு பயம். எனக்கு இன்னா பயம் மேடம்? என் பொண்ண பாத்து யாரு கண்ணு வெக்கப் போறாங்க?"

அழவில்லை. சாதாரணமாகத்தான் சொன்னாள்.

"அந்த அக்கா நல்லவங்க" என்று அவளே தொடர்ந்தாள். "நான் வேன் ஏறினப்புறம் இவள பாத்துக்கறதே அவங்கதான். கைய புடிச்சிகினு சென்டருக்கு இட்டுக்கினு போறாங்க. ஆனா அவங்க பையனுக்கு ஊட்டறப்ப கதவ சாத்திக்குவாங்க. என் கண்ணு பட்டுடும்னு. தப்பா சொல்லல. நானா இருந்தாலும் சாத்திக்குவேன்."

பேசாமல் இருக்கப் பழகியவள் நான். அன்றைக்குப் பேச வேண்டும் என்று நினைத்தும் எதுவும் வரவில்லை. பதிவை நிறுத்தட்டுமா என்று செல்போனைக் காட்டிச் சைகையில் கேட்டேன்.

"வாணாம். ஓடட்டும். இப்ப நெசத்த சொல்றேன், எழுதிக்கங்க" என்றாள். "என் பொண்ணு வூட்டுல ஒண்ணும் துன்றதில்ல. நான் ஊட்டினா ஒரு வாயோட சரி. டீச்சர் கையால சென்டர்ல துன்ற நாலு வாய்தான் அவளுக்குச் சாப்பாடு. எல்லாருக்கும் ஞாயித்துக்கெழம வந்தா சந்தோஷம். எனக்கு சனிக்கெழம ராத்திரியே பயம் வந்துடும். சென்டர் இருக்காதே. அத ஒரேடியா மூடிட்டா எனக்கு எல்லா நாளும் ஞாயித்துக்கெழமதான்."

அதை ஒரு எழுத்து மாற்றாமல் தட்டிக் கொடுத்தேன். தெலுங்கில் மொழிபெயர்த்தபோதும் எதையும் அழகுபடுத்தவில்லை. மேடம் இரண்டு முறை படித்தார். முதல் பக்கத்தில் அதைப் போட்டார். தாயின் பெயரோ குழந்தையின் பெயரோ இல்லாமல்தான். மற்ற தாய்மாரின் புகார்களையெல்லாம் அதற்கடுத்து வைத்தார். பிள்ளைகளைப் புகழ்ந்து பேசாத ஊர்களில் சாப்பாட்டைப் பற்றி எப்படிக் கேட்க வேண்டும் என்று தனியாக ஒரு பத்தி எழுதினார். அதில் என் பெயர் வரவில்லை, என் பையன் காலி செய்த ஊறுகாய் பாட்டிலும் வரவில்லை. மேடம் எனக்கு ஒரு ஃபில்டர் காபி வாங்கிக் கொடுத்தார், அவ்வளவுதான்.

அந்தச் சென்டரை மூடவில்லை. சுற்றுவட்டாரத்தில் சிலவற்றைச் சேர்த்தார்கள், இதை விட்டுவிட்டார்கள். எங்கள் அறிக்கையைப் பார்த்துத்தானா என்று கேட்டால் எனக்குத் தெரியாது. ரோடு அகலமாகப்போகிறது, அதனால் விட்டார்கள் என்று ஒருத்தர் சொன்னார். மேலதிகாரி மாறிவிட்டார் என்று இன்னொருத்தர் சொன்னார். நாங்கள் கொடுக்கிற அறிக்கைகளை யார் படிக்கிறார்கள் என்று எங்களுக்கு யாரும் சொல்வதில்லை. நான் வேறு ஊர்களுக்குப் போனேன், வேறு கேள்விகளைக் கேட்டேன்.

ஆனால் அந்த வளையல் ஏறிய கை மனசைவிட்டுப் போகவில்லை. இரண்டொரு தடவை டீச்சரின் நம்பரை எடுத்துவிட்டு, கூப்பிடாமல் வைத்துவிட்டேன். கேட்கப் பயமாக இருந்தது.

மறு வருஷம் தடுப்பூசி சம்பந்தமான ஒரு வேலைக்கு அதே பக்கம் போக வேண்டி வந்தது. ஊருக்குள் நுழைந்ததும் முதலில் சென்டருக்குத்தான் போனேன். சென்டர் திறந்திருந்தது. டீச்சர் பிள்ளைகளுக்குச் சோறு போட்டு முடித்துத் தட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தார். என் கண் தன்னால் பிள்ளைகள் மேல் ஓடியது. அந்தப் பெண் இல்லை.

"இன்னாம்மா, ஆளையே காணோம்" என்றார் டீச்சர். நான் எங்கே பார்க்கிறேன் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. முகத்தில் ஒன்றும் காட்டாமல் தாடையால் அந்த வீட்டுப் பக்கம் காட்டினார். "அவங்க அம்மாவுக்கு இன்னிக்கி லீவு. போயி பாரு."

போனேன். கதவு சாத்தியிருந்தது. பட்டப்பகலில் ஆள் இருக்கிற வீடு சாத்தியிருக்கிறதே என்று எனக்குப் பகீரென்றது. தட்டினேன்.

"இருங்க, வரேன்" என்று உள்ளேயிருந்து அவள் குரல். ஒரு தட்டைத் தரையில் நகர்த்துகிற சத்தம். தண்ணீர் ஊற்றுகிற சத்தம். கதவைத் திறக்க நேரமானது.

திறந்தாள். அவள் இடுப்புக்குப் பின்னாலிருந்து ஒரு முகம் எட்டிப் பார்த்தது. இரண்டு கன்னமும் உப்பியிருந்தன. வாயில் இருந்ததை இன்னும் விழுங்கவில்லை. தாடையில் ஒரு பருக்கை ஒட்டியிருந்தது. வலது கன்னத்தில், கண்ணுக்குக் கீழே, பெரிசாக ஒரு மைப்பொட்டு.

தாய் அவசரமாக முந்தானையால் மகளின் வாயைத் துடைத்து, ஒரு கையால் அவளைத் தன் முதுகுக்குப் பின்னால் தள்ளினாள்.

"பாப்பா எப்படி கீறா?" என்று கேட்டேன்.

அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை.

"எங்க மேடம்" என்றாள். "ஒண்ணும் துன்றதில்ல."

நான் உடனே பார்வையை ரோட்டுப் பக்கம் திருப்பிக்கொண்டேன். ஒரு லாரி போய்க்கொண்டிருந்தது. அதையே பார்த்தபடி, "ஆமா, ரொம்பத்தான் எளச்சிட்டா" என்றேன்.